பதினொரு வீட்டுத் தூள்

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. 5.40க்கு எழுந்தேன். தேத்தண்ணீர், இரண்டு பிஸ்கற், முழங்காலுக்கு எண்ணெய். 6.25க்கு இறங்கி, பலெர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில் நான் கூலிக்குத் துப்புரவாக்கும் இரண்டு கட்டிடங்களின் மாடிப்படிகளையும் கழுவி முடிக்க 8.50. முதற் கட்டிடத்தில் 84 படி, இரண்டாவதில் 96. பல ஆண்டுகளாக எண்ணி வருகிறேன். படி கூடவுமில்லை, குறையவுமில்லை. கூடியது முழங்கால் நோ மட்டும். 9.10 பஸ். 9.45க்கு சிஞ்ஞோரா கார்லாவின் வீடு.

இப்படி மணி நிமிடத்தோடு எழுதுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "நீ டயறி எழுதேல்லை, பொலிசுக்கு வாக்குமூலம் குடுக்கிறாய்" என்பார். இருக்கட்டும். இந்த வாக்குமூலத்தில் ஒரு நாள் மட்டும் சரியாக எழுதப்படாமல் கிடக்கிறது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிஞ்ஞோரா கார்லா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை அவருடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் கார் நிற்காது, பெட்டிகள் நிற்கும். அயலிலுள்ள குடும்பங்கள் சேர்ந்து, பெரிய கடைகளுக்குப் போகாமல், விளைவிப்பவர்களிடமே நேராக வாங்குகிற கூட்டம் அது. பூசணி, பாதாம், பருப்பு, முள்ளுக் கள்ளிப் பழம். போன மாதத்துப் போத்தல்களைக் கழுவித் திருப்பிக் கொண்டுவருவார்கள். பெரிய கடையின் மலிவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பாரத்தைச் சுமக்கிறார் என்பது சிஞ்ஞோராவின் கட்சி. கொட்டகையைக் கூட்டுவது என் வேலை என்பதால் இந்தப் பேச்சையெல்லாம் விளக்குமாற்றோடு நின்று கேட்டிருக்கிறேன். பிழையாகப் படவில்லை.

இன்று நான் உள்ளே போனபோது சிஞ்ஞோரா ஒரு சின்னப் போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தார். போன மாதம் நான் கொடுத்த கறித்தூள்.

"பூசணிக்காய்க்குப் போட்டன். என்ரை மனுசன் தட்டை நக்கினார், அறுபத்தெட்டு வயசிலை. இதை எங்கை வாங்கினாய்?"

"வாங்கேல்லை சிஞ்ஞோரா. வறுத்தது."

அவர் கண் விரிந்தது. கிறிஸ்மசுக்கு முன்பு கூட்டத்துக்கு நாற்பது போத்தல் செய்து தர முடியுமா என்று கேட்டார். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே லேபல். பிடித்துப்போனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஞாயிறு மத்தியானம் கூட்டம் கூடுகிறது, அதற்குள் பதில் வேண்டும். "அந்தப் படி கழுவுற வேலையிலை ஒண்டையாவது விடு. உன்ரை காலைப் பார்" என்றும் சொன்னார். அவர் என் காலைப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உடனே ஓம் என்று சொல்ல வாய் வந்தது. 96 படிகள்! "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். திரும்பும் பஸ்ஸில் நாற்பது போத்தலுக்கு எத்தனை கிலோ செத்தல் மிளகாய், எத்தனை மல்லி என்ற கணக்கு ஆறாவது தரிப்பிடத்துக்குள் முடிந்துவிட்டது. கணக்கு முடிந்த வேகத்தில்தான் பயம் வந்தது. இதே கணக்கை நான் முன்பும் ஒருமுறை போட்டிருக்கிறேன்.

நாங்கள் பலெர்மோவுக்கு வந்த ஆரம்ப காலம். ஒரேத்தோவில் நாலைந்து தெருவுக்குள் தமிழ் வீடுகள் பன்னிரண்டு. பெரும்பாலும் எல்லாரும் இத்தாலியர் வீடுகளில் வேலை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு என்பது இந்த நாட்டு வழக்கம். அந்த வியாழன் பின்னேரங்களில் தவமணி அக்கா வீட்டு மூன்றாம் மாடிச் சமையலறையில் தூள் வறுபடும்.

தவமணி அக்காவுக்கு அப்போது நாற்பதுக்குக் கிட்ட. என்னைவிடப் பத்து வயது மூப்பு. பெரிய சிரிப்பு, சின்னச் சமையலறை. மற்றப் பதினொரு வீடும் தங்கள் தங்கள் தகர ரின்னில் மிளகாயும் மல்லியும் சரக்கும் போட்டுக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு வியாழனில் இரண்டு வீட்டு ரின். அதற்கு மேல் இல்லை. அவ ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே வறுப்பா, ஊரிலிருந்து கொண்டுவந்த கிறைண்டரில் அரைப்பா, அரிப்பா. ஒரு வீட்டுத் தூள் இன்னொரு வீட்டுத் தூள் மாதிரி இராது. செல்வரத்தினம் அண்ணைக்கு வயிற்றுப்புண், ஆகவே மிளகாய் கொஞ்சம், மல்லி நிறைய. மொண்டெல்லோக் கடற்கரையில் கோடை முழுக்க மீன் பொரிக்கும் உணவகத்தில் நின்ற வசந்திக்கு மீன் மணம் வெறுத்துவிட்டது, அவளுக்கு உறைப்பும் பெருஞ்சீரகமும் தூக்கல். எங்கள் வீட்டில் இவருக்கு வெந்தயம் கூட வேண்டும். கசக்கிறது என்று முதல் நாள் சொல்லுவார், குறைத்தால் இரண்டாம் நாள் சண்டை.

ரின்னை வைக்கப் போகிறவள் ஐந்து நிமிடத்தில் திரும்பியதாகச் சரித்திரமில்லை. "பிள்ளைக்கு வயித்தாலை போகுதெண்டாய், நிண்டிட்டுதோ? அப்ப இந்த முறை மிளகைக் குறைப்பம்." "ஏன்டி முகம் ஒரு மாதிரி இருக்கு? சீரகம் மணத்தாலே சத்தி வருதோ? எத்தினை நாள்?" வசந்திக்குப் பிள்ளை தங்கியதை வசந்தியின் புருசனுக்கு முன்பே தவமணி அக்கா கண்டுபிடித்தது அந்த அடுப்படியில்தான்.

இதற்கு அவ எடுத்துக்கொண்டது ஒரு கரண்டி. தூளை ரின்னில் கொட்டி மூட முன்பு, ஒரு கரண்டி அள்ளித் தன்னுடைய ரின்னில் போடுவா. கூலி என்று யாரும் சொன்னதில்லை. பதினொரு வீட்டுக் கரண்டிகளும் சேர்ந்ததுதான் அவ வீட்டுத் தூள். அதனால் அவ வைக்கும் குழம்பு ஒவ்வொரு முறையும் வேறு ருசி. "இந்த மாசம் வசந்தியின்ரை கை தூக்கலா இருக்கு" என்று நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்லுவா. உறைப்பு ஏறினால், "இது உன்ரை மனுசன்ரை கோபமடி" என்று என்னைப் பார்ப்பா.

இந்த இடத்தில்தான் நான் என் கொப்பியோடு நுழைகிறேன்.

பதினொரு வீட்டு அளவுகளையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், வீட்டுக்கு ஒரு பக்கம். அதைப் புரட்டும்போது என் ஒழுங்கான புத்திக்கு ஒன்று பட்டது. எவ்வளவு வீண்! பதினொரு தடவை அடுப்பு, பதினொரு தடவை புகை, கீழ்வீட்டுக்காரி பதினொரு தடவை விளக்குமாற்றுத் தடியால் கூரையில் இடிக்கிறாள். தவமணி அக்காவின் வியாழன் ஒன்றுகூட ஓய்வாக இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒரே நாளில் வறுத்தால் என்ன? சரக்கையும் மூட்டையாக வாங்கலாம். ஒரு நாள் புகை, ஒரு நாள் ஏச்சு, முடிந்தது. நான் கெட்டது ஒன்றும் நினைக்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அக்காவுக்கு வியாழனைத் திருப்பிக் கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.

ஒரே தடவையில் வறுப்பதென்றால் ஒரே அளவு வேண்டும். பதினொரு வீட்டு அளவையும் கூட்டிப் பதினொன்றால் பிரித்தேன். வெந்தயம் 61.36 கிராம் வந்தது. தசமம் இரண்டு தானம் வரை பிரித்துவிட்டதில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

தவமணி அக்கா கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"எடி பிள்ளை, செல்வரத்தினத்தாருக்கு உறைப்புக் கூடாது. வசந்திக்கு உறைப்புத்தான் வேணும். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அவருக்கு வயித்தெரிவு, இவளுக்குக் காணாது. இது ஆரின்ரை வீட்டுத் தூள்?"

"எல்லாருக்கும் பொதுவான தூள் அக்கா."

"பொதுவெண்டால் கோயில் அன்னதானத்துக்குச் சரி."

ஆனாலும் சிரித்துக்கொண்டு சம்மதித்தா. மற்ற வீடுகளுக்கு என் கணக்குப் பிடித்துவிட்டது. தனி ஒருத்தி எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவது?

முப்பது கிலோவை வறுக்க எந்த வீட்டுத் தாச்சி காணும்? அதற்கும் வழி பிறந்தது. செல்வரத்தினம் அண்ணை விடியற்காலையில் கூட்டித் துடைக்கும் கடை ஒன்று பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. சிஞ்ஞோர் நினோவின் கோப்பிக் கடை. முன்னால் நின்றபடி கோப்பி குடிக்கலாம், பின்னால் கொட்டை வறுக்கும் இரும்பு உருளை மெசின். பெரிய கொம்பனிகளின் பக்கெற் கோப்பி வந்து அவருடைய வாடிக்கையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. கிழமையில் நாலு நாள் மெசின் சும்மா நிற்கும். அண்ணை கேட்டதும், "ஞாயிறு பின்னேரம் வாங்கோ. சும்மா நிக்கிற மெசின் என்னைவிடக் கெதியாக் கிழண்டுது" என்றாராம்.

அந்த ஞாயிறு 14.00க்குத் தொடங்கினோம். நான், தவமணி அக்கா, செல்வரத்தினம் அண்ணை, சிஞ்ஞோர் நினோ. முதலில் மல்லி. உருளை சுழன்றது, மல்லி உள்ளே மழை மாதிரிக் கொட்டியது. தவமணி அக்கா மூக்கை நீட்டிக்கொண்டு மெசினைச் சுற்றி நடந்தா. ஒன்றும் மணக்கவில்லை. மெசினின் குழாய் மணத்தையெல்லாம் உறிஞ்சி வெளியே தெருவில் விட்டுக்கொண்டிருந்தது. வறுக்கிறவருக்கு மணமில்லாத வறுவல்! தாச்சியில் அவ கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் வறுக்கிறவ. இங்கே என்ன செய்வது?

"இறக்குவமோ?" என்று கேட்டா. நான் சிஞ்ஞோர் நினோவைப் பார்த்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தினார். "பொறுங்கோ. இன்னும் வெடிக்கேல்லை."

கோப்பிக்கொட்டை பதம் வந்ததும் படபடவென்று வெடிக்கும், அந்தச் சத்தம் கேட்டுத்தான் இறக்குவது அவர் தொழில். முப்பது ஆண்டாக அந்தச் சத்தத்தை நம்பி வாழ்ந்த மனிதர். நாங்கள் நாலு பேருமாக, தலையைச் சரித்து, மல்லி வெடிக்கும் என்று காத்திருந்தோம். மல்லி வெடிக்காது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், அவ்வளவு பெரிய மெசினுக்கு முன்னால் தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் தவமணி அக்காதான், "வெடிக்காது, வெடிக்காது, திறவுங்கோ!" என்று தமிழில் கத்தினா. கோப்பி நிறத்தில் வந்து விழுந்தது மல்லி.

14.50க்கு மிளகாய் போட்டோம். அதன் பிறகு நடந்ததை ஒழுங்கை முழுவதும் அறியும். குழாய் வழியே போன புகை நேரே எதிர்வீட்டுப் பல்கனிகளுக்கு ஏறியது. ஞாயிறு சாப்பாட்டு மேசைகளிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தபடி, "நினோ, யாரை எரிக்கிறாய்? செத்தவனையோ, உயிரோடை இருக்கிற எங்களையோ?" என்று கத்தினாள். நினோ வெளியே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அவர் ஐந்து கிலோக் கோப்பிக்கொட்டையை வறுத்து வீசி மெசினைச் சுத்தப்படுத்தியும் காரம் போகவில்லை. திங்கட்கிழமை முதற் கோப்பி குடித்தவர் பக்கத்துக் கோயில் பாதிரியார். குடித்துவிட்டு, "நினோ, இதோடை சேர்த்துப் பாவமன்னிப்பும் குடுக்கிறியோ?" என்று கேட்டாராம். நினோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தக் கிழமை ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று செல்வரத்தினம் அண்ணை வந்து சொன்னார். தவமணி அக்கா வீடு வீடாகப் போனா. "வெக்கமில்லையே? அந்த மனுசன்ரை கடையிலை போய் ஆளுக்கொரு கோப்பி குடியுங்கோ." தேத்தண்ணீரைத் தவிர வேறெதையும் அறியாத பன்னிரண்டு வீட்டாரும் ஒரு மாதம் அந்தக் கடையில் நின்று கசப்பை விழுங்கினோம். காரக் கோப்பியை முறைப்பாடில்லாமல் குடித்த வாடிக்கையாளர்கள் நாங்கள் மட்டும்தான்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. சொல்லக் கூச்சமாக இருப்பதால் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அந்த ஞாயிறு பின்னேரம், அங்கிருந்த கோப்பி அரைக்கும் மெசினிலேயே தூள் அரைத்து ஆறிய பிறகு, கடையின் தராசில் நான்தான் நிறுத்தேன். மொத்தம் 30.4 கிலோ. பன்னிரண்டு பை. ஒவ்வொன்றிலும் 2 கிலோ 533 கிராம். தவமணி அக்கா பக்கத்தில் தன்னுடைய பழைய ரின்னோடும் கரண்டியோடும் நின்றா.

"அப்ப என்ரை கரண்டி?" என்று சிரித்துக்கொண்டு கேட்டா.

"இனிக் கரண்டி கரண்டியாச் சேர்க்கத் தேவையில்லை அக்கா. உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு, எல்லாரையும் போலை" என்று பையைக் கையில் கொடுத்தேன். ஏதோ பதவி உயர்வு கொடுப்பது போல.

அவ பையைத் தூக்கிப் பார்த்தா. "ஓம். சரியாத்தான் நிறுத்திருக்கிறாய்." கரண்டியை ரின்னுக்குள் போட்டு மூடினா. வெறும் ரின்னுக்குள் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

டயறியில் அன்றைய பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். "30.4 கிலோ. 12 பங்கு. சரியாக வந்தது. மழை இல்லை." அவ்வளவுதான். மிஞ்சிய நாலு கிராமைப் பற்றிக்கூட இல்லை.

அடுத்த மூன்று மாதம் ஒரேத்தோவில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஒரே குழம்பு மணத்தது. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் கசப்பு. செல்வரத்தினம் அண்ணை ஒரு கிழமை பாலும் சோறும் சாப்பிட்டார். வசந்தி பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டாள். யாரும் முறைப்பாடு சொல்லவில்லை, பழகிவிட்டோம். அதுதான் கெடுதல். அந்தத் தூள் முடிகிற நேரம் பல்லரோப் பக்கத்துத் தமிழ்க் கடைக்குப் பக்கெற் தூள் வந்துசேர்ந்தது. எல்லாரும் ஒரே தூளைத் தின்னப் பழகிய பிறகு, அது நினோவின் மெசினில் வறுத்ததாக இருந்தால் என்ன, எங்கோ ஒரு தொழிற்சாலையில் வறுத்ததாக இருந்தால் என்ன? ரின்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற யாருக்கும் பஞ்சி. நானும் ஏறவில்லை. தவமணி அக்காவின் வியாழன்கள் ஓய்வாயின. ஓய்வாக இருந்து பார்த்துவிட்டு, வியாழன் பின்னேரத்துக்கும் ஒரு வீட்டில் வேலை எடுத்தா. பிறகு இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும், பல வீடுகளைப் போல அவவும் இங்கிலாந்துக்குப் போனா.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் தொலைபேசியில் கதைப்போம். இன்று சனி, 18.30. எடுத்தேன்.

"என்னடி, சனிக்கிழமை எடுக்கிறாய்? ஆராவது செத்திட்டினமோ?"

நாற்பது போத்தல் கதையைச் சொன்னேன். மறுபக்கத்தில் சிரிப்பு இருமலாக மாறியது. "நாப்பதோ! நினோவின்ரை மெசின் இருக்கோ இன்னும்?"

"கடையே இல்லை அக்கா. இப்ப அது உல்லாசப் பயணியளுக்கான பார். மெசினுக்குள்ளை பூச்செடி வைச்சு வாசல்லை அலங்காரமா விட்டிருக்கினம்."

"செடி வளருதோ?"

"வாடின மாதிரித்தான் இருந்தது."

"வாடும். உள்ளுக்கை எங்கடை மிளகாயெல்லோ."

சிரித்து ஓய்ந்த இடத்தில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நிறுத்தது பிழை அக்கா என்றேன். எந்த அன்றைக்கு என்று அவ கேட்கவில்லை. மறுபக்கத்தில் தண்ணீர்க் குழாயை மூடினா.

"நிறுவையிலை பிழையில்லை பிள்ளை. எனக்குத்தான் அந்தத் தூளிலை ஆரின்ரை கையும் தெரியேல்லை." பிறகு குரலை மாற்றினா. "இஞ்சை எல்லாரும் பக்கெற்தான். நானும்தான். செய், செய். நாப்பது வீடெண்டால் எனக்கு நாப்பது கரண்டி வரவேணும். மறந்திடாதை, இந்த முறை விடமாட்டன்."

19.10க்கு சிஞ்ஞோரா கார்லாவுக்குச் செய்தி எழுதினேன். மூன்று தடவை திருத்தி, இறுதியில் இப்படி அனுப்பினேன்: ஒரே மாதிரி நாற்பது போத்தல் என்னால் முடியாது. விரும்புகிறவர்கள் தங்கள் போத்தலோடு வந்து, வீட்டில் யார் யார், யாருக்கு உறைப்பு ஆகும், யாருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லட்டும். வியாழன் பின்னேரங்களில் இரண்டு வீட்டுக்கு வறுப்பேன். லேபல் வேண்டாம், வீட்டுப் பெயர் எழுதினால் போதும்.

20.15க்குப் பதில் வந்தது. "என்ன சிக்கலான மனுசி நீ! கேட்டுப் பார்த்தன். இப்போதைக்கு ஆறு வீடு. முதலாவது நான். என்ரை மனுசனுக்கு இரத்த அழுத்தம், உப்பைக் குறை." தூளில் உப்பே இல்லை என்று பதில் எழுதினேன்.

ஆறு வீட்டுத் தூளுக்காகப் படி கழுவுவதை விட முடியாது. 96 படியும் திங்கட்கிழமை அங்கேயே இருக்கும். அதில் எனக்கு ஏமாற்றம் இல்லை என்றால் டயறியில் பொய் எழுதியவளாவேன்.

படுக்க முன்பு பழைய கொப்பியை எடுத்துப் பதினொரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு வீடு இங்கிலாந்தில். ஒன்று மிலானோவில். செல்வரத்தினம் அண்ணை இல்லை, அவர் வீட்டில் இப்போது வேறு யாரோ. வசந்தி ஊருக்கே திரும்பிவிட்டாள். அந்த அடுப்படியில் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைக்குப் போன ஆவணியில் கலியாணம். ஒரேத்தோவில் மிஞ்சியிருக்கும் பக்கம் எங்களுடையது மட்டும். வெந்தயம் கூட. அக்கா வீட்டு மூன்றாம் மாடி யன்னல் இன்று காலை பூட்டியிருந்தது. கீழ்வீட்டுக் கூரையை இனி யாரும் இடிக்க வேண்டியதில்லை.

13, ஞாயிறு. 6.05க்கு எழுந்தேன். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைக்க முன்பு, தூள் போத்தலைத் திறந்து ஒரு கரண்டி அள்ளி, கழுவிக் காயவைத்திருந்த சின்ன ரின்னில் போட்டு, தவமணி அக்கா என்று மேலே எழுதி மூடினேன். நிறுக்கவில்லை.